போதை ஒரு தற்காப்பா? குற்றவியல் சட்டமும் வன்கொடுமை வழக்குகளும்

வன்கொடுமைப் புகாருடன் காவல் நிலையத்துக்குச் செல்பவர்கள் அடிக்கடி கேட்க நேரும் வாசகம் ஒன்று உண்டு: “குடிபோதையில் ஏதோ பேசிவிட்டான், இதைப் போய்ச் சாதிப் பிரச்சினை ஆக்காதீர்கள்.” இந்த ஒரு வாசகத்துக்குள் இரண்டு கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. குடித்தவனுக்குப் பொறுப்பு குறைவு என்பது முதலாவது. குடித்தவனுக்குச் சாதி நோக்கம் இருக்க முடியாது என்பது இரண்டாவது. முதல் கூற்றை 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமே ஏற்கவில்லை. இரண்டாவது கூற்றைச் சட்டம் முழுமையாக அடைத்துவிடவில்லை. அங்கே ஓர் இடைவெளி உள்ளது. அந்த இடைவெளி எங்கே இருக்கிறது, அதைச் சான்றுகளால் எப்படி அடைக்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருச்சிராப்பள்ளி அரசு சட்டக் கல்லூரியிலும், ஸ்ரீரங்கம் வட்டத்தின் நவலூர்குட்டப்பட்டில் அமைந்துள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திலும் பயிலும் மாணவர்கள் போதை குறித்த பிரிவுகளைப் ‘பொது விதிவிலக்குகள்’ என்ற தலைப்பில் படிக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பெரும்பாலும் வேறொரு தாளில் படிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் ஒரு கிராமத்துப் புகார் நீதிமன்றத்தில் எப்படி நிற்கும் என்பது புலப்படும்.

சட்டம் சொல்வது

இந்திய தண்டனைச் சட்டத்தின் 85, 86 ஆகிய பிரிவுகள் போதையைப் பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 23, 24 ஆகிய பிரிவுகளாக இடம்பெற்றுள்ளன. அந்த நாளுக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய பிரிவுகளே பொருந்தும்.

பிரிவு 23 முழு விடுதலை தரக்கூடியது. ஆனால் அதன் வாசல் மிகக் குறுகியது. செயலைச் செய்த நேரத்தில், அச்செயலின் தன்மையையோ, தான் செய்வது தவறு அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ அறிய முடியாத அளவுக்கு ஒருவர் போதையில் இருந்திருக்க வேண்டும். அத்துடன், அந்தப் போதைப்பொருள் அவருக்குத் தெரியாமலோ அவரது விருப்பத்துக்கு மாறாகவோ கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விதிவிலக்கு. குளிர்பானத்தில் யாரோ மருந்து கலந்து கொடுத்திருந்தால் இப்பிரிவைப் பேசலாம். தானே கடைக்குச் சென்று வாங்கிக் குடித்தவர் இந்த வாசலை நெருங்கவே முடியாது. நண்பர்கள் வற்புறுத்தினார்கள், கவலையில் குடித்தேன் போன்ற விளக்கங்களும் அவரை உள்ளே கொண்டுசேர்க்காது.

பிரிவு 24 தானே விரும்பிக் குடித்தவரைப் பற்றியது. சில குற்றங்கள் குறிப்பிட்ட அறிதலுடனோ குறிப்பிட்ட உள்நோக்கத்துடனோ செய்யப்பட்டால்தான் குற்றமாகும். அத்தகைய செயலைப் போதையில் செய்தவர், போதையில் இல்லாதிருந்தால் அவருக்கு எந்த அறிதல் இருந்திருக்குமோ அதே அறிதல் இருந்ததாகவே கொள்ளப்படுவார். சுருங்கச் சொன்னால், “எனக்குத் தெரியவில்லை” என்று சொல்லும் உரிமையைக் குடித்தவரிடமிருந்து சட்டம் எடுத்துக்கொள்கிறது.

இப்பிரிவைக் கவனமாக வாசிப்பவர்கள் ஒன்றைக் காண்பார்கள். அதன் தொடக்கத்தில் ‘அறிதல்’, ‘உள்நோக்கம்’ என்ற இரண்டு சொற்களும் உள்ளன. ஆனால் சட்டம் ஏற்றிச் சொல்லும் இடத்தில் ‘அறிதல்’ மட்டுமே உள்ளது. போதையில் இருந்தவருக்கு உள்நோக்கமும் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்று பிரிவு கூறவில்லை. இந்தியச் சட்டத்தில் போதை குறித்த வாதங்கள் அனைத்தும் இந்த மௌனத்தைச் சுற்றியே நடக்கின்றன.

பாஸ்தேவ் வழக்கு

அந்த மௌனத்துக்கு உச்ச நீதிமன்றம் 1956-இல் விடையளித்தது. பாஸ்தேவ் எதிர் பெப்சு மாநிலம் என்ற அவ்வழக்கின் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சந்திரசேகர ஐயர். பாட்டியாலா, கிழக்குப் பஞ்சாப் ஒன்றியத்தின் ஒரு கிராமத்தில் திருமணம் நடந்தது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஜமேதார் ஒருவர் மிகுந்த குடிபோதையில் விருந்துக்கு வந்தார். தான் வசதியாக உட்காருவதற்காகச் சற்று விலகும்படி பதினைந்து, பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனிடம் சொன்னார். சிறுவன் நகரவில்லை. ஜமேதார் கைத்துப்பாக்கியை எடுத்து அவன் வயிற்றில் சுட்டார். சிறுவன் இறந்துபோனான்.

அறிதலைப் பொறுத்தவரை, குடித்தவரைக் குடிக்காதவராகவே கருத வேண்டும் என்றது நீதிமன்றம். உள்நோக்கத்தைப் பொறுத்தவரை, போதையின் அளவையும் கணக்கில் கொண்டு, நிகழ்வின் சூழ்நிலைகளிலிருந்து அதை ஊகித்தறிய வேண்டும் என்றது. மனம் முற்றாகச் செயலிழந்த நிலையில் இருந்தவருக்குத் தேவையான உள்நோக்கத்தை ஏற்றிச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நிலையை அடையாதவர் தம் செயலின் இயல்பான விளைவுகளை எண்ணியே செய்தார் என்ற பொது விதி அவருக்கும் பொருந்தும்.

ஜமேதார் எந்த நிலையில் இருந்தார் என்பதை நீதிமன்றம் அவரது நடத்தையிலிருந்தே கண்டறிந்தது. சில நேரங்களில் அவர் தள்ளாடினார், பேச்சும் குழறியது. ஆனாலும் தாமாகவே நடந்து வந்தார். உட்கார வேண்டிய இடத்தைத் தாமே தேர்ந்தெடுத்தார். அதனால்தான் சிறுவனை விலகச் சொன்னார். சுட்ட பிறகு தப்பியோட முயன்றார். பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டார். இடத்தைத் தேர்ந்தெடுக்கவும், தப்பியோடவும், மன்னிப்புக் கேட்கவும் தெரிந்தவருக்குத் துப்பாக்கியால் சுட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கொலைக் குற்றத் தீர்ப்பு உறுதியானது.

வன்கொடுமை வழக்கு நடத்துபவர்கள் இந்த அணுகுமுறையை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு குடித்தார் என்ற கேள்வியைவிட, குடித்த பிறகும் எவற்றையெல்லாம் தேர்ந்தெடுத்துச் செய்தார் என்ற கேள்வியே நீதிமன்றத்தில் முதன்மை பெறுகிறது.

இங்கிலாந்தும் கனடாவும்

பாஸ்தேவ் தீர்ப்பு இங்கிலாந்துப் பிரபுக்கள் அவையின் பியர்டு வழக்கை (1920) விரிவாக அலசியது. போதையால் மனம் பாதிக்கப்பட்டு, ஒருவர் வன்முறை உணர்ச்சிக்கு எளிதில் ஆட்பட்டார் என்பது மட்டும் அவருக்கு உதவாது என்பது பியர்டு வகுத்த விதிகளுள் ஒன்று. “சாதாரணமாக நல்லவன்தான், குடித்தால்தான் இப்படி” என்று ஊர்ப் பஞ்சாயத்துகளில் சொல்லப்படும் சமாதானத்துக்குச் சட்டம் தரும் பதில் இதுவே. கிங்ஸ்டன் வழக்கில் (1994) அதே அவை மேலும் ஒரு படி சென்றது. பிறர் மருந்து கலந்து கொடுத்ததால் கட்டுப்பாடு தளர்ந்தவராக இருந்தாலும், உள்நோக்கத்துடன் செய்திருந்தால் அவர் குற்றவாளியே என்றது.

கனடாவில் இந்த விவாதம் மக்களிடமிருந்து எழுந்தது. 1994-இல் டாவியோ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மிகத் தீவிரமான போதையைப் பாலியல் தாக்குதல் வழக்கிலும் தற்காப்பாக முன்வைக்கலாம் என்றது. அவ்வழக்கில் பாதிக்கப்பட்டவர் சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய 65 வயதுப் பெண். பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்தன. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அந்தத் தற்காப்பை வன்முறைக் குற்றங்களில் தடைசெய்தது. 2022-இல் பிரவுன் வழக்கில் அத்தடையை நீதிமன்றம் ரத்து செய்ய, ஆறு வாரங்களுக்கு உள்ளாகவே நாடாளுமன்றம் திருத்திய வடிவில் அதை மீண்டும் கொண்டுவந்தது. போதைத் தற்காப்பின் எல்லையை வகுப்பதில் பாதிக்கப்படும் மக்களின் குரலுக்கும் இடமுண்டு என்பதற்கு இது சான்று.

நிரூபிக்கும் பொறுப்பு

விதிவிலக்கைக் கோருபவரே அதற்கான சூழ்நிலைகளை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 105-இலும், இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 108-இலும் இது கூறப்பட்டுள்ளது. அரசுத் தரப்பைப் போல் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அவ்வாறு இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆனால் “குடித்திருந்தேன்” என்ற வாய்மொழி மட்டும் போதாது. மனைவியையும் குழந்தைகளையும் கொன்ற பப்லு என்பவரின் வழக்கில் (2006), உள்நோக்கம் கொள்ளவே இயலாத நிலையில் இருந்ததாக எதிரிதான் காட்ட வேண்டும் என்று கூறி உச்ச நீதிமன்றம் போதை வாதத்தை நிராகரித்தது.

மருத்துவச் சான்றின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். மூச்சில் மது வாடை, தள்ளாடும் நடை, விரிந்த கண்மணி ஆகியவற்றைக் கொண்டு மட்டும், ரத்தப் பரிசோதனை இல்லாமல், ஒருவர் போதையில் இருந்தார் என்ற முடிவுக்கு வர முடியாது என்று 1971-இல் பச்சுபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே ‘மது வாடை வீசியது’ என்று விபத்துப் பதிவேட்டில் எழுதப்பட்ட ஒற்றை வரி எதிரியின் போதையை நிறுவாது; பாதிக்கப்பட்டவரின் போதையையும் நிறுவாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போதை

இனி மையக் கேள்விக்கு வருவோம். நியாய சன்ஹிதாவின் பொது விதிவிலக்குகள் அத்தியாயத்தில் ‘குற்றம்’ என்ற சொல் சிறப்புச் சட்டங்களின் கீழ் வரும் குற்றங்களையும் குறிக்கும். ஆகவே பிரிவு 24 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் குற்றங்களுக்கும் பொருந்தும்.

1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 3(2)-இன் ஐந்தாம் உட்பிரிவு, பத்தாண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தைப் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் மீது இழைப்போருக்கு ஆயுள் சிறையை விதிக்கிறது. தொடக்கத்தில், பாதிக்கப்பட்டவர் அச்சாதியைச் சேர்ந்தவர் ‘என்ற காரணத்துக்காகவே’ குற்றம் நடந்தது என்று காட்ட வேண்டியிருந்தது. அந்தச் சொற்றொடரில்தான் எண்ணற்ற வழக்குகள் சரிந்தன. நிலத் தகராறு, ஆட்டுத் தகராறு, குடித் தகராறு என்று ஏதேனும் வேறொரு காரணத்தைக் காட்டினால் சாதிப் பிரிவு உதிர்ந்துவிடும்.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அச்சொற்றொடரை மாற்றியது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்று ‘அறிந்து’ குற்றம் இழைத்தால் போதும். அஷர்ஃபி வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் இந்த மாற்றத்தைக் குறிப்பிட்டு, திருத்தத்துக்குப் பின் அறிதலே போதுமானது என்று விளக்கியது. எளிய காயம், மிரட்டல் போன்ற அட்டவணைக் குற்றங்களுக்கான 5-ஏ உட்பிரிவும் இதே அறிதலைத்தான் கேட்கிறது. இதே திருத்தம் பிரிவு 8-இல் ஓர் அனுமானத்தையும் சேர்த்தது. பாதிக்கப்பட்டவரையோ அவரது குடும்பத்தையோ எதிரிக்கு நேரில் தெரியும் என்றால், அவரது சாதியும் எதிரிக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு எதிரியுடையது.

இந்த இரண்டையும் பிரிவு 24-உடன் இணைத்துப் பார்த்தால் விளைவு தெளிவாகிறது. ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு எந்தத் தெருவில் யார் வாழ்கிறார்கள் என்பது நிதானத்தில் தெரியும். நிதானத்தில் தெரிந்தது போதையிலும் தெரிந்ததாகவே சட்டம் கொள்ளும். எனவே அறிதலை அடிப்படையாகக் கொண்ட வன்கொடுமைக் குற்றங்களில், தானே குடித்தவருக்குப் போதை எந்த வகையிலும் தற்காப்பு ஆகாது.

இடைவெளி இருப்பது பிரிவு 3(1)(ஆர்)-இல். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், இழிவுபடுத்தும் உள்நோக்கத்துடன், வேண்டுமென்றே அவமதிப்பதோ மிரட்டுவதோ இப்பிரிவின் கீழ் குற்றம். இங்கே சட்டம் உள்நோக்கத்தைக் கேட்கிறது. பிரிவு 24 அதை ஏற்றிச் சொல்லாது. ஹிதேஷ் வர்மா (2020), ஷாஜன் ஸ்காரியா (2024) ஆகிய வழக்குகளில் உச்ச நீதிமன்றம் அவமதிப்புக்கும் சாதி அடையாளத்துக்கும் உள்ள தொடர்பை வலியுறுத்தியிருக்கிறது. “போதையில் வாய்க்கு வந்ததைப் பேசினேன்” என்ற வாதம் நுழையப் பார்ப்பது இந்த இடத்தில்தான். சாதிப் பெயரைச் சொல்லி வசைபாடுவதைக் குற்றமாக்கும் 3(1)(எஸ்) பிரிவின் வாசகத்தில் ‘உள்நோக்கத்துடன்’ என்ற சொல் இல்லை. ஆனாலும் விசாரணையில் எதிர்த்தரப்பு அதையும் எழுப்பும் என்று எதிர்பார்த்தே வழக்கைக் கட்டமைக்க வேண்டும்.

ஒரு கற்பனை நிகழ்வு

விளக்கத்துக்காக ஒரு நிகழ்வைக் கற்பனை செய்துகொள்வோம். ஸ்ரீரங்கம் வட்டத்தின் ஒரு கிராமம். கோயில் திருவிழா இரவு. கல்லூரியில் படிக்கும் தலித் இளைஞர் ஒருவர் இருசக்கர வாகனத்தில் ஊர்த்தெரு வழியாக வருகிறார். குடித்திருந்த ஆதிக்க சாதிக்காரர் ஒருவர் வழிமறித்து, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்கிறார். மறுத்த இளைஞரை இரும்புக் கம்பியால் அடித்துக் கையை முறிக்கிறார். மறுநாள், “போதையில் என்ன செய்தேன் என்றே நினைவில்லை” என்கிறார்.

ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்தது நியாய சன்ஹிதாவின் பிரிவு 118(2)-இல் வரும். அதற்கு ஆயுள் சிறை வரை விதிக்க முடியும். காயம் ஏற்படும் என்ற அறிதல் அவருக்கு இருந்ததாகவே கொள்ளப்படும். இளைஞரின் குடும்பத்தை அவருக்குத் தெரியும் என்பதால், சாதியை அறிந்திருந்தார் என்ற அனுமானமும் எழும். ஆகவே 3(2)-இன் ஐந்தாம் உட்பிரிவு நிற்கும். மறுநாள் நினைவில்லை என்பது அடித்த நேரத்து மனநிலையைப் பற்றி எதையும் நிரூபிக்காது.

அவமதிப்புக் குற்றத்துக்குப் பாஸ்தேவ் அணுகுமுறையைப் பயன்படுத்த வேண்டும். அந்தத் தெருவில் அன்றிரவு வேறு வண்டிகள் போகவில்லையா? அவற்றுள் எதையாவது அவர் மறித்தாரா? தன் சாதிப் பெரியவர்களை, பந்தோபஸ்துக்கு நின்ற காவலரைத் திட்டினாரா? யாரை மறிக்க வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும் என்று பிரித்தறிந்தவரின் போதை உள்நோக்கத்தை அழித்த போதையாக இருக்க முடியாது. “இறங்கித் தள்ளிக்கொண்டு போ” என்பது குழறலில் வந்து விழுந்த வசையன்று. சாதி வரிசையில் அந்த இளைஞரின் இடம் எது என்று சுட்டும் கட்டளை. இந்த விவரங்கள் புகாரில் இருந்தால் உள்நோக்கத்தை நீதிமன்றம் ஊகித்தறிய முடியும். ‘ஆபாசமாகத் திட்டி அடித்தார்’ என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் முடியாது.

காவல் நிலையத்தில் எழுதப்படும் சொல்

நீதிமன்றத்தில் போதை வாதம் அரிதாகவே வெல்கிறது. அது வெல்லும் இடம் காவல் நிலையம். ‘குடிபோதையில் ஏற்பட்ட வாய்த்தகராறு’ என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதி, 296(பி), 115(2), 351 ஆகிய வழக்கமான பிரிவுகளோடு நிறுத்திவிட்டால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தரும் அனைத்தும் ஒரே நேரத்தில் விலகிப்போகின்றன. துணைக் காவல் கண்காணிப்பாளர் தகுதியில் உள்ளவர் விசாரிக்க வேண்டும் என்ற விதி பொருந்தாது. முன்பிணைக்கான தடை இராது. சிறப்பு நீதிமன்றம் இராது. முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தண்டனை என்ற கட்டங்களில் வழங்கப்பட வேண்டிய நிவாரணத் தொகையும் கிடைக்காது. கை முறிந்து வேலைக்குப் போக முடியாத ஒருவரின் குடும்பத்துக்கு அந்தத் தொகைதான் வழக்கை விலை பேசவிடாமல் காக்கும் அரண்.

போதையைக் காரணமாகச் சொல்வது சாதியை மறைக்கிறது என்பதை நம் மாவட்டத்தின் வரலாறே காட்டும். 2002 மே மாதம் லால்குடி வட்டம் திண்ணியத்தில் தலித்துகள் இருவர் மனித மலத்தை ஒருவருக்கொருவர் ஊட்டும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டவருக்குத் துணை நின்றதே அவர்கள் ‘குற்றம்’. அங்கே ஆதிக்கத்துக்கு மது தேவைப்படவில்லை. உண்ணத்தகாத, அருவருப்பான பொருளை வாயில் திணிப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தன் குற்றப் பட்டியலின் முதல் குற்றமாக வைத்திருப்பதே, இத்தகைய கொடுமை நிதானத்தில், திட்டமிட்டு நடப்பதை நாடாளுமன்றம் அறிந்திருந்ததால்தான். 2023-இல் மத்தியப் பிரதேசத்தின் சீதி மாவட்டத்தில் பழங்குடி ஒருவர் மீது சிறுநீர் கழித்த காணொளி வெளியானபோது, செய்த ஆள் போதையில் இருந்ததாகச் செய்திகள் கூறின. போதையில் ஒருவர் யாரை அவமதிக்கத் துணிகிறார் என்பதை நிதானத்தில் அவர் கற்றிருந்த சாதிப் படிநிலையே முடிவு செய்கிறது.

‘குடிகாரன்’ என்ற முத்திரை

போதை என்ற சொல் எதிரியைக் காக்கவும் பாதிக்கப்பட்டவரைத் தாக்கவும் ஒருசேரப் பயன்படுகிறது. அடித்தவர் குடித்திருந்தால் அது மன்னிப்புக்குக் காரணம். அடிபட்டவர் குடித்திருந்தால் அவர் சொல்வது பொய். சட்டத்தில் இரண்டாவதற்கும் இடமில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு பதிலளிக்கக்கூடிய எவரும் சாட்சியாகலாம். அடிபட்டவர் குடித்திருந்தார் என்பது அடித்தவரின் குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

பெண்கள் விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. போதையில் இருப்பவர் தரும் இசைவு, செயலின் தன்மையை அவரால் உணர முடியாத நிலையில் தரப்பட்டிருந்தால், இசைவே ஆகாது. நியாய சன்ஹிதாவின் பிரிவு 28-உம் பாலியல் வன்புணர்வை வரையறுக்கும் பிரிவு 63-உம் இதைக் கூறுகின்றன. ஆக, ஆணின் தன்விருப்பப் போதை அவனது பொறுப்பைக் குறைக்காது. பெண்ணின் போதை அவளுக்கான பாதுகாப்பைக் குறைக்காது.

நம் மக்கள் எதிரிக் கூண்டில் நிற்கும் வழக்குகளையும் மறக்கலாகாது. அங்கேயும் இதே விதிகள்தான். ஆனால் நீண்டகாலக் குடியால் மனநோய்க்கு ஆளானவர்கள், குடி நிறுத்தத்தால் வரும் சித்தப்பிரமையில் இருந்தவர்கள் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுக்குப் பிரிவு 22, அதாவது மனநலமின்மை குறித்த விதிவிலக்கு பொருந்தக்கூடும். அதற்குச் சிகிச்சைப் பதிவுகள் தேவை. கைதான முதல் நாளிலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரைக் கேட்டுப் பெறுவதும், திருச்சி அரசு மருத்துவமனையில் முன்பு சிகிச்சை பெற்றிருந்தால் அந்தச் சீட்டுகளைத் தேடி எடுத்துவைப்பதும் குடும்பத்தார் செய்யக்கூடியவை.

அதே போல, குடித்துவிட்டு வாகனம் ஓட்டி ஏழைகளைக் கொல்பவர்கள் ‘விபத்து’ என்ற சொல்லில் ஒளிந்துகொள்ள முடியாது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2006-இல் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர் குடும்பங்கள் மீது கார் ஏறி ஏழு பேர் இறந்த வழக்கில், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தின் இரண்டாம் பகுதியில் தரப்பட்ட தண்டனையை உச்ச நீதிமன்றம் 2012-இல் உறுதி செய்தது. அந்த இரண்டாம் பகுதியின் அடிப்படையும் அறிதல்தான். ஆனால் தண்டனை மூன்றாண்டு மட்டுமே.

விற்பவரின் பொறுப்பு

குடித்தவரின் பொறுப்பைச் சட்டம் இவ்வளவு கண்டிப்பாக வரையறுக்கிறது. விற்பவரின் பொறுப்பைப் பற்றி அது பேசுவதில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் என்ற அரசு நிறுவனத்தின் ஏகபோகம். மதுவிலக்கை நோக்கி முயல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 47-ஆம் கூறு அரசுக்கு அறிவுறுத்துகிறது. ஆனால் 2015 அக்டோபரில், டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லிப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் திருச்சியில் தம் வீட்டில் கைது செய்யப்பட்டபோது, அவர் மீது போடப்பட்டது தேசத்துரோகப் பிரிவு. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை தருபவருக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 510 விதித்திருந்த உச்ச தண்டனை 24 மணி நேரச் சிறையும் பத்து ரூபாய் அபராதமும்தான். பாடியவர் எதிர்கொண்ட பிரிவுக்கு ஆயுள் சிறை வரை உண்டு.

இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. ‘எல்லாம் குடியால் வருகிறது’ என்று சொல்லி வன்கொடுமையை ஒதுக்கும் காவல் துறையும், அந்தக் குடியை விற்கும் நிறுவனமும், குடிக்கு எதிராகப் பாடியவரைக் கைது செய்ததும் ஒரே அரசின் உறுப்புகள்.

களத்தில் செய்ய வேண்டியவை

1. புகாரில் சொல்லப்பட்ட சாதி வசையை அதே சொற்களில் எழுத வேண்டும். ‘ஆபாசமாக’ என்ற பொதுச் சொல் போதாது.

2. எதிரிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் உள்ள முன்பழக்கத்தை எழுத வேண்டும்: ஒரே ஊர், ஒரே பள்ளி, வயலில் வேலை செய்த உறவு. பிரிவு 8-இன் அனுமானம் இதிலிருந்துதான் எழும்.

3. எதிரியின் செயல்களை வரிசைப்படுத்த வேண்டும்: எப்படி வந்தார், யாரை விட்டுவிட்டார், ஆயுதத்தை எங்கிருந்து எடுத்தார், பிறகு எங்கே ஓடினார். இவை போதை வாதத்துக்கான பதில்கள்.

4. பொதுமக்கள் பார்வையில் நடந்தது என்பதற்கு, அங்கிருந்த பிறர் யார் என்று குறிப்பிட வேண்டும். தனியார் இடமாக இருந்தாலும், பிறர் பார்க்கக்கூடிய இடமாக இருந்தால் போதும் என்று ஸ்வரண் சிங் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது.

5. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிய பின், கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்டுவது பிரிவு 4-இன்படி அதிகாரியின் கடமை. ‘குடிபோதைத் தகராறு’ என்ற சொற்கள் நாம் சொல்லாமலே நுழைந்திருந்தால், அப்போதே நீக்கச் சொல்ல வேண்டும். படித்துக் காட்ட மறுத்தால் அதுவே தனிக் குற்றமாகலாம்.

6. ‘முதலில் விசாரித்துவிட்டுப் பதிவு செய்கிறோம்’ என்பதற்குப் பிரிவு 18-ஏ இடம் தரவில்லை. பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகர எல்லைக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையருக்கு, எழுத்து மூலம் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

7. பிணை மனு வரும்போது பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கவும் அவர் தரப்பைக் கேட்கவும் பிரிவு 15-ஏ கட்டாயப்படுத்துகிறது. போதையைக் காட்டிப் பிணை கேட்கப்படும்போது அதை மறுக்க வேண்டிய இடம் இது. திருச்சி சிறப்பு நீதிமன்றத்தின் பிணை ஆணைக்கு எதிரான மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்லும்.

போதையில் செய்தவரைச் சட்டம் மன்னிக்கும் என்ற நம்பிக்கை ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதைக் காவல் நிலைய எழுத்தர் நம்பினால் வழக்கு அங்கேயே முடிகிறது. பாதிக்கப்பட்ட குடும்பமே நம்பிவிட்டால் புகார் எழுதப்படுவதே இல்லை. தானே குடித்தவருக்கு அறிதல் இருந்ததாகவே சட்டம் கொள்ளும் என்ற ஒரு செய்தியை ஒவ்வொரு குடியிருப்புக்கும் கொண்டு செல்வது, சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்த ஆண்டே தொடங்கக்கூடிய வேலை.